டிபன் பாக்ஸ் மூடி திறக்கவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை

சத்துவாச்சாரி_அம்மா
புதன், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. இரண்டே கால் வயதிலிருந்து இரண்டு காதிலும் காது கேட்கும் மிஷின். (அதற்கு முன்னால் "இவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்" என்ற பேச்சை நம்பி ஒரு வருடத்தைத் தொலைத்தோம், அது தனிக் கதை.) சின்னச் சின்னதாகப் பேசுகிறாள். "அம்மா தண்ணி வேணும்", "பாப்பா கடைக்குப் போலாம்" என்கிற அளவுக்கு. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் எல்.கே.ஜி.

நேற்று மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. லாங் பஜாரில் வாங்கிய புது டிபன் பாக்ஸ், மூடி கொஞ்சம் இறுக்கம். இவளுக்குத் திறக்க வரவில்லை. பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கவில்லை, ஆயாவிடம் கேட்கவில்லை, மிஸ்ஸிடமும் கேட்கவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மற்றவர்கள் எழுந்ததும் பைக்குள் வைத்துவிட்டாள். சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் இடது மிஷினில் பேட்டரியும் போயிருக்கிறது. எத்தனை மணிக்குப் போனதோ.

மிஸ்ஸிடம் போனில் பேசினேன். "ரொம்ப சமத்துங்க, எதுவுமே கேட்க மாட்டா" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

வீட்டில் இவள் வேறு ஆள். பிரிட்ஜ் திறக்க வேண்டும் என்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கைப்பிடியில் வைப்பாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் முந்தானையை இழுத்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். இத்தனை அதிகாரமும் வாசலைத் தாண்டினால் எங்கே போகிறது? உங்கள் பிள்ளைகள் வெளியாட்களிடம் எப்படி உதவி கேட்கிறார்கள்?


குடியாத்தம்_அப்பா
புதன், இரவு 10.15

தங்கச்சி, எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என் பையனுக்கு ஆறரை வயது, மூன்று வயதில் ஆபரேஷன் செய்து காக்ளியர் (உள்காதுக் கருவி) வைத்தோம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

வைகாசி முதல் நாள் எங்கள் ஊர் கங்கையம்மன் சிரசு திருவிழா தெரியும் இல்லையா, அந்தக் கூட்டத்தில் கையை விட்டுவிட்டான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. யாரோ இடித்ததில் தலையில் ஒட்டியிருந்த "காயில்" (அந்தக் கருவியின் வெளிவட்டு) கழன்று தொங்குகிறது, அவனுக்கு ஒன்றுமே கேட்காது. மேளம், மைக், வெடி, எனக்கே நான் கத்துவது கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்து பலூன் விற்கிறவர் பக்கத்தில் நிற்கிறான். அந்தப் பெரியவர் சொன்னார்: "அழவே இல்லைங்க. என் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். பலூன் வேணுமான்னு கேட்டேன், தலையாட்டினான். பேர் என்னான்னு கேட்டேன், அதுக்கும் தலையாட்டினான்."

எதைக் கேட்டாலும் ஆமாம் போடுவது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிறகு சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்தோம்: "எனக்குக் காது கேட்காது, அப்பாவுக்கு போன் செய்யுங்கள்", கீழே நம்பர். வைத்தால் போதாது, எடுத்து நீட்டப் பழக்க வேண்டும். மளிகைக்கடை அண்ணாச்சி, பஸ் கண்டக்டர், எதிர்வீட்டுத் தறிக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் நீட்டச் சொல்லி ஒரு மாதம் விளையாட்டாகவே பழக்கினோம்.


ராணிப்பேட்டை_ஆடியோ
புதன், இரவு 11.05

நான் செவித்திறன் பரிசோதகர். பேட்டரி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது சுலபம். தினமும் காலையில் மிஷின் போட்டதும் வாயைக் கையால் மறைக்காமல், ஆனால் அவள் பின்னால் நின்றுகொண்டு, ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலியும் சொல்லுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும், அல்லது ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடட்டும். இரண்டு காதையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. பேட்டரி, மிஷின் குழாயில் தண்ணீர், மோல்டு (காதுக்குள் பொருந்துகிற அச்சு) அடைப்பு எதுவானாலும் வீட்டிலேயே தெரிந்துவிடும். ஆனால் பத்து மணிக்குப் போகிற பேட்டரியை இது பிடிக்காது. அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் உங்கள் கேள்வி. உதவி கேட்பது என்பது ஒரே வேலை மாதிரித் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால், மாட்டிக்கொண்டோம் என்று முதலில் தனக்குத் தெரிய வேண்டும். யாரால் முடியும் என்று தெரிய வேண்டும். அவர் கண்ணையோ காதையோ பிடிக்க வேண்டும். சொல்லோ சைகையோ கையில் இருக்க வேண்டும். அவர் சொல்கிற பதிலும் புரிய வேண்டும். மூடி விஷயத்தில் முதலாவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பெரும்பாலும் அதுவே தெரியாது. மிஸ் "சிவப்பு கிரேயான் எடுங்க" என்றது காதில் விழவில்லை என்றால், ஏதோ விழவில்லை என்பதே அவளுக்குத் தெரியாது. தவறியது தெரிந்தால்தானே "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்க முடியும்?

இன்னொன்று. காது கேட்கிற பிள்ளைகள் உதவி கேட்கக் கற்றுக்கொள்வது நாம் சொல்லிக்கொடுத்து இல்லை, ஒட்டுக் கேட்டுத்தான். அடுத்த பெஞ்சுப் பையன் "மிஸ் இத ஓப்பன் பண்ணித் தாங்க" என்று கேட்பதும், மிஸ் திட்டாமல் திறந்து தருவதும் ஒரு நாளைக்குப் பத்து முறை காதில் விழும். உங்கள் மகளுக்கு மூடி திறந்தது மட்டும்தான் தெரிந்திருக்கும். என்ன சொன்னதால் திறந்தது என்பது போய்ச் சேரவில்லை. பேசுகிறவர் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அதன் மேல் வகுப்பில் நான்கு மின்விசிறி. வேலூர் வெயிலில் அதை நிறுத்தச் சொல்லவும் முடியாது.


வாணியம்பாடி_தாத்தா
வியாழன், காலை 6.20

அம்மா, வயதானவன் ஒன்று சொல்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். நம் மொழியில் காதால் கேட்பதும் கேட்பதுதான், வாயால் கேட்பதும் கேட்பதுதான். அது வராத குழந்தையிடம் இதை எதிர்பார்க்கலாமா? மூடி இறுக்கம் இல்லாத பாக்ஸ் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது. என் பேத்திக்கு என்ன வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும். அவள் வாய் திறக்கும் முன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.


திருவலம்_சிறப்பாசிரியர்
வியாழன், காலை 7.50

ஐயா, உங்கள் பாசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதுதான் விஷயமே. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிற தாத்தா பள்ளிக்கூடத்தில் இல்லை.

பத்தொன்பது வருடமாகச் செவித்திறன் குறைந்த சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன். மூன்று நான்கு வயதில் இவர்கள் கேட்கிற விதங்களை எழுதினால் ஒரு நோட்டு போதாது. பொருளைக் கொண்டுவந்து மடியில் போடுவார்கள். நம் கையைக் கருவி மாதிரி எடுத்து மூடி மேல் வைப்பார்கள். பொருளைப் பார்ப்பது, நம்மைப் பார்ப்பது, மறுபடியும் பொருளைப் பார்ப்பது, இந்த மூன்று பார்வையே ஒரு முழு வாக்கியம். சில பிள்ளைகள் சத்தமாக மூச்சு விடுவார்கள். ஒரு பையன் மாட்டிக்கொண்டால் தரையைக் காலால் உதைப்பான், பெஞ்ச் அதிர்ந்து பக்கத்துப் பிள்ளை திரும்பும். அதுவும் கேட்பதுதானே? பிடிவாதம் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள் அவனை.

பார்வையால் கேட்பதில் ஒரே சிக்கல், எதிராளி பார்த்தால்தான் அது கேள்வி. பார்க்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். உங்கள் மகள் அன்றைக்கு மிஸ்ஸை நான்கு முறை பார்த்திருப்பாள் என்று பந்தயம் கட்டுவேன். மிஸ் கரும்பலகையில் இருந்திருப்பார். நான்கு முறை பார்த்தும் பதில் வராவிட்டால் எந்தக் குழந்தையும் ஐந்தாவது முறை பார்க்காது. "கூச்ச சுபாவம்" என்று நாம் பெயர் வைத்துவிடுவோம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, கொஞ்சம் மந்தமாக இருப்பது. இறுக்கமான டப்பாவில் முறுக்கைப் போட்டு அவள் கையில் கொடுங்கள். சோப்புக் குமிழி பாட்டிலை மூடியோடு கொடுங்கள். கிரேயான் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தாளைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள். ஏழில் பதறி நீட்டுகிறவர்கள்தான் எல்லோரும், நான் உள்பட.


காட்பாடி_மிஸ்
வியாழன், மதியம் 1.30

டிபன் நேரத்தில் எழுதுகிறேன். மேலே இருக்கிற எல்லோரும் மிஸ்ஸை ஒரு கை பார்த்துவிட்டீர்கள். என் வகுப்பில் 36 பிள்ளைகள். அழுகிறவன், கடிக்கிறவன், வாந்தி எடுக்கிறவன் இவர்கள் போக மீதி நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்தால் எங்களுக்கு நிம்மதிதான் வரும். அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது.

ஆனால் ஒன்று யோசித்தேன். எங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் ஏற்கெனவே சைகை தெரியும்! சுண்டுவிரலைத் தூக்கினால் ஒன்றுக்கு. கட்டைவிரலை வாயில் சாய்த்தால் தண்ணீர். "காய்", "பழம்" விடுவதும் விரலால்தான். யாரும் இவர்களைச் "சைகை மொழி பேசுகிற பிள்ளைகள்" என்று சொல்வதில்லை. அந்த வரிசையில் "உதவி"க்கும் ஒன்று சேர்த்து முழு வகுப்புக்கும் சொல்லிக்கொடுத்தால் மிஷின் போட்ட பிள்ளை மட்டும் தனியாகத் தெரியாது. இதைச் செய்து பார்க்கப் போகிறேன்.


ஆற்காடு_தையல்
வியாழன், இரவு 8.10

நான் காது கேளாதவன். வயது 41. ஆற்காட்டில் தையல் கடை. என் எழுத்தில் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாளைத் தராமல் காத்திருப்பது சரி. ஆனால் ஒரு எல்லை வையுங்கள். நான் படித்த பள்ளியில் தண்ணீர் வேண்டும் என்று கையால் காட்டினால் தர மாட்டார்கள். "தண்ணீர்" என்று வாயால் சொல்ல வேண்டும். நான் சொல்வேன், அவர்களுக்குச் சரியாக இருக்காது, மறுபடியும் சொல்லச் சொல்வார்கள். தொண்டையில் கை வைத்துக் காட்டுவார்கள். சில நாள் தண்ணீர் குடிக்காமலே போய்விடுவேன். நான் கற்றுக்கொண்டது "தண்ணீர்" என்ற சொல்லை இல்லை. கேட்காமல் இருந்தால் நல்லது என்பதைத்தான்.

தலையாட்டுவது பற்றி அண்ணன் எழுதினார். இன்றைக்கும் செய்கிறேன். வாடிக்கையாளர் பேசுகிறார், புரியவில்லை, சிரித்துத் தலையாட்டுகிறேன். மூன்று முறை "என்ன" என்று கேட்டால் அவர் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் தலையாட்டுவது. நான்கு வயதுக் குழந்தைக்கும் முகம் மாறுவது தெரியும். காது கேட்கிறவர்களைவிட எங்களுக்கு முகம் நன்றாகத் தெரியும்.

எனக்கு உதவி கேட்கச் சொல்லிக்கொடுத்தது விடுதியில் பெரிய பையன்கள். தோளில் இரண்டு தட்டு. தூரத்தில் இருந்தால் கை ஆட்டு. இன்னும் தூரம் என்றால் லைட் ஸ்விட்சைப் போட்டு அணை. முதலில் கண்ணைப் பிடி, அப்புறம் கேள். உங்கள் மகளுக்கு இதை யாராவது சொன்னார்களா? மிஷின் போட்ட பிள்ளைக்கு இது தேவையில்லை என்று நினைக்கிறார்கள். பேட்டரி போனால் அவளும் என்னைப் போலத்தான்.


ராணிப்பேட்டை_ஆடியோ
வியாழன், இரவு 9.00

தையல்காரர் அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. எங்கள் படிப்பில் பேச்சையே பிடித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது, அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி நேரம் வேறு, தாகம் வேறு. கையால் கேட்டால் உடனே கொடுங்கள். கொடுக்கும்போது அவளைப் பார்த்து "தண்ணி வேணுமா, இந்தா தண்ணி" என்று நீங்கள் சொல்லுங்கள். சொல் அவளுக்குக் கேட்டால் போதும்.

காது கேளாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள். அதனால் தோளில் தட்டுவது, பார்க்கும்வரை காத்திருப்பது எல்லாம் நமக்குத் தானாக வராது. காது கேளாத அம்மாக்களைக் கவனித்துப் பாருங்கள். குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேச மாட்டார்கள். அது நிமிரும்வரை பொறுத்துத்தான் கையை எடுப்பார்கள். நாம் பொம்மையைப் பார்க்கிற பிள்ளையின் முதுகிடம் பேசிக்கொண்டே இருப்போம்.


ஆம்பூர்_ஷூ_கம்பெனி
வியாழன், இரவு 10.30

நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், பாடம் இங்கிலீஷ். என் மகன் மூன்றரை வயது, இரண்டு மாதமாகத்தான் மிஷின். "பானி" என்று கேட்டால் ஆயாவுக்குப் புரியாது. "தண்ணி" சொல்லிக்கொடுக்கவா, "வாட்டர்" சொல்லிக்கொடுக்கவா? வீட்டு மொழியை விட்டுவிடச் சொல்லி ஒருவர் சொன்னார், என் அம்மா அழுதுவிட்டார்.


திருவலம்_சிறப்பாசிரியர்
வெள்ளி, காலை 8.05

பாய், வீட்டு மொழியை விட வேண்டாம். அதிகம் பேசுவது யாரோ அவர்களுடைய மொழிதான் முதலில் ஊன்றும். உங்கள் அம்மா உருதில் பேசிக்கொண்டே இருக்கட்டும். பள்ளிக்கு இப்போதைக்கு மூன்று நான்கு சைகை போதும், கட்டைவிரல் தண்ணீருக்கு உருதும் தமிழும் கிடையாது. ஆயாவிடம் "பானி" என்றால் தண்ணீர் என்று நீங்களே ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு பெரிய மனுஷி ஒரு சொல் கற்றுக்கொள்வது சுலபம்.

சத்துவாச்சாரி அம்மாவுக்கு இரண்டு. ஒன்று, அவளிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்கு விடை தலையாட்டல்தான். "அப்பா எங்க போகணும்னு சொன்னாரு?" என்று கேளுங்கள். இரண்டு, புரியாதபோது சொல்ல அவளுக்கு ஒரு வரி கொடுங்கள். "என்ன?" என்று மட்டும் சொல்லப் பழக்கினால் எதிராளி அதையே கத்திச் சொல்வார், பயன் இல்லை. "கேக்கல, என்னப் பாத்துச் சொல்லுங்க." இந்த வயதுக்கு இது நீளம்தான். பொம்மையை வைத்து நாடகம் போடுங்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டு முணுமுணுங்கள், பொம்மை சொல்லட்டும், "கேக்கல!" பொம்மை சொன்னால் பிள்ளை சொல்லும். நீங்களும் நிஜமாகவே ஒருவரிடம் ஒருவர் அவள் கண் முன்னால் உதவி கேளுங்கள். "ஏங்க, இந்த மூடி வரல, கொஞ்சம் திறந்து கொடுங்க." அம்மாவுக்கும் மூடி திறக்க வராது என்பதே அவளுக்குப் பெரிய செய்தி.

பேட்டரிக்கு: மிஷின் போனால் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டுவது. ஆனால் கழற்றிக் கொடுக்கப் பழக்காதீர்கள், மிஷின் தொலையும், பட்டன் பேட்டரி வாய்க்குள் போனால் ஆபத்து. பேட்டரிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.


குடியாத்தம்_அப்பா
வெள்ளி, காலை 8.40

பேட்டரி பற்றி ஒரு சின்னக் குறிப்பு, பலருக்குத் தெரியாது. பின்பக்கத்து ஸ்டிக்கரைப் பிய்த்ததும் உடனே உள்ளே போடாதீர்கள், ஒரு நிமிடம் காற்றில் வையுங்கள். ஸ்டிக்கரை மறுபடி ஒட்டினால் மிச்சமாகும் என்று என் மனைவி ஒட்டி ஒட்டி வைப்பார், ஆகாது.


வாணியம்பாடி_தாத்தா
வெள்ளி, மாலை 5.15

நேற்று பத்து வரை எண்ணிப் பார்த்தேன். பேத்தி பிஸ்கட் டப்பாவோடு என் முன்னால் நின்றாள். நான் பேப்பர் படிப்பது போல இருந்தேன். ஆறு எண்ணும்போது பேப்பரைக் கீழே இழுத்து என் மூக்கைப் பிடித்தாள். டப்பாவை நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "தொற" என்றாள். அந்தச் சொல் அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. சரி, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.


சத்துவாச்சாரி_அம்மா
ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.10

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடுவில் மோல்டு லூசாகி விசில் அடித்து, புது மோல்டு வர இரண்டு வாரம் ஆனது.

டிபன் பாக்ஸை மாற்றவில்லை. தையல்காரர் அண்ணன் சொன்ன தோள் தட்டலை முதலில் வீட்டில் பழக்கினோம், அவள் அப்பா முதுகு வீங்கிவிட்டது. பொம்மை நாடகமும் நடந்தது. மிஸ்ஸிடம் போய்ப் பேசினேன், சண்டை போடவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பாத நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளை ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று மட்டும் கேட்டேன். இரண்டாவது வரிசைக்கு மாற்றினார்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டி. மிஸ்ஸின் முகத்தில் வெளிச்சம் விழவில்லை என்றால் உதடு தெரியாது என்று நான் சொன்னதும் அவரே இடம் தேடினார்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாடு இரண்டு நாள் திரும்பி வந்தது. அப்புறம் ஒரு நாள் பாக்ஸ் காலி. யார் திறந்தது என்று கேட்டால் "தம்பி" என்கிறாள். மறுநாள் மிஸ் சொன்னார், பக்கத்து பெஞ்சில் ஒரு வாண்டு இருக்கிறதாம், அவன் தோளில் இரண்டு தட்டு, பாக்ஸை நீட்டுகிறாள், அவன் பல்லால் கடித்துத் திறக்கிறான். மிஸ்ஸிடம் இன்னும் கேட்பதில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். போன வியாழக்கிழமை வலது பேட்டரி போனபோது மட்டும் மிஸ்ஸின் புடவையை இழுத்துக் காதைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். நான் கொடுத்து வைத்திருந்த பேட்டரியை மிஸ்ஸே போட்டிருக்கிறார், ஸ்டிக்கர் பிய்த்து ஒரு நிமிடம் வைத்து.

இப்போது புதுப் பிரச்சினை. வீட்டில் எல்லாவற்றுக்கும் தோளில் தட்டுகிறாள். இரண்டு வருடமாகத் தானே போட்டுக்கொண்டிருந்த செருப்பை என் மடியில் வைத்து "அம்மா, உதவி" என்கிறாள். சிரிப்பாகவும் இருக்கிறது. போட்டுவிடலாமா, கூடாதா?


திருவலம்_சிறப்பாசிரியர்
ஞாயிறு, இரவு 9.35

ஒரு செருப்பை நீங்கள் போடுங்கள். இன்னொன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பத்து எண்ணுங்கள்.


காட்பாடி_மிஸ்
ஞாயிறு, இரவு 10.02

எங்கள் வகுப்பில் உள்ளங்கை மேல் முஷ்டியை வைத்தால் "உதவி" என்று ஆக்கினோம். இப்போது 36 பேரும் முஷ்டியோடு நிற்கிறார்கள். ஆயா என்னோடு பேசுவதில்லை.